எந்த வாடிக்கையாளரை எப்போது விடுவது: வீட்டுச் சுத்தத் தொழிலில் அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் முறை

சென்னையில் சொந்தமாக வீட்டுச் சுத்த வேலை எடுத்துச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுவீடு குடிபோகும் முன், வாடகை வீட்டைக் காலி செய்யும்போது, போகிக்கு முன் என்று முழு வீட்டையும் தேய்த்துக் கழுவித் துடைத்துக் கொடுக்கும் வேலை இது. நமக்கு மேலாளர் கிடையாது. விலை பேசுவதும் நாம், வேலை செய்வதும் நாம், "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவரும் நாமேதான். அந்தக் கடைசி வேலையைத்தான் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

வழிமுறை இதுதான். தொல்லை எந்த வடிவில் வருகிறது என்று பாருங்கள். ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு திருத்தம் உண்டு. அதை ஒருமுறை செய்து பாருங்கள். தொல்லை தீர்ந்தால் கோளாறு ஆளிடம் இல்லை, வேலை பேசிய விதத்தில் இருந்தது என்று பொருள், அவரை விடாதீர்கள். திருத்திய பிறகும் அதே அறிகுறி திரும்பினால் விலகிவிடுங்கள். உடம்புக்கும் மானத்துக்கும் கேடு வரும் இடங்களில் மட்டும் அந்த ஒரு வாய்ப்பும் தர வேண்டியதில்லை. அவற்றை முதலில் சொல்கிறேன்.

அறிகுறி: உயிருக்கு ஆபத்தான வேலையை "சின்ன வேலைதானே" என்கிறார்

கழிவுநீர்த் தொட்டி அடைத்திருக்கிறது, "அப்படியே உள்ளே இறங்கிப் பார்த்துவிடுங்கள், கூட ஐந்நூறு தருகிறேன்" என்பார்கள். இதற்குப் பேச்சே கிடையாது. பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்குவது, கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தக் குற்றம் இறங்கச் சொன்னவர் மேல்தான் விழும். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணத்துக்காகச் சொல்லவில்லை, நீதிமன்றம் அவ்வளவு தூரம் போக வேண்டிய அளவுக்கு நம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். "14420 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், லாரி வரும்" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

தரையடித் தண்ணீர்த் தொட்டியிலும் இதே கவனம் வேண்டும். நல்ல தண்ணீர்தானே என்று நினைக்கிறோம். பல மாதம் மூடிக் கிடந்த தொட்டிக்குள் மூச்சுக்காற்று குறைந்திருக்கலாம். மூடியை நெடுநேரம் திறந்துவைத்து, காற்றை உள்ளே செலுத்தி, மேலே ஒருவரை நிறுத்தாமல் இறங்கக் கூடாது. பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கி ஓட்டச் சொன்னால் அந்த வேலையையே விட்டுவிடுங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும். அதற்கு வாசனைகூட இருக்காது.

ஜன்னலின் வெளிப்பக்கம் இன்னொன்று. மூன்றாம் மாடியில் சன்ஷேடு மேல் நின்று கண்ணாடி துடைக்கச் சொல்வார்கள். உள்ளிருந்து கைக்கும் நீள வைப்பருக்கும் எட்டுவது மட்டும்தான் நம் வேலை.

பிறகு கழிவறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றச் சொல்பவர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சுவாசித்தால் நுரையீரல் புண்ணாகும். ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள். தெரியாமல் கேட்பவர்களே அதிகம். விளக்கிய பிறகும் "முன்னால் வந்தவர் செய்தாரே" என்று வற்புறுத்தினால், உங்கள் உடம்பைப் பற்றி அவருக்குக் கவலையில்லை என்பது தெரிந்துவிட்டது.

அறிகுறி: சாதி கேட்கிறார், தனி டம்ளர் வைக்கிறார், கழிவறையைத் தர மறுக்கிறார்

"நீங்கள் எந்த ஆட்கள்?" என்பது இப்போது நேராக வருவதில்லை. "சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு?" என்று சுற்றி வரும். பதில் சொல்லக் கடமையில்லை. "வேலையைப் பற்றிக் கேளுங்கள் மேடம்" என்றால் போதும். பாதிப் பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நிறுத்தாதவர்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அந்த வீட்டின் இரண்டு கழிவறைகளையும் முட்டி போட்டுத் தேய்த்திருப்போம். அந்தக் கழிவறையைப் பயன்படுத்த மட்டும் நமக்கு அனுமதியில்லை. "கீழே வாட்ச்மேனிடம் கேளுங்கள்" என்பார்கள். உடன் வரும் பெண்கள் இதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். சிறுநீர்த் தொற்று வருவது இப்படித்தான். ஆகவே வேலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்: "நாள் முழுக்க வேலை. எங்கள் ஆட்கள் ஒரு கழிவறையைப் பயன்படுத்துவார்கள், சரியா?" தயங்கினால் அந்த வேலை வேண்டாம். இதில் நான் ஒரு பைசா அளவுகூட விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன், கையில் வேலையே இல்லாத மாதத்திலும்கூட.

பார்வையும் கையும் தப்பாகப் போகும் ஆள் என்றால் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மாப், வாளி உள்ளே கிடந்தால் கிடக்கட்டும், பிறகு துணையோடு வந்து எடுக்கலாம். பெண்கள் உதவி எண் 181. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. முதல் முறை போகும் வீட்டுக்குத் தனியாகப் போகாமல் இருப்பது, முகவரியை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவைப்பது என்ற இரண்டையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: போனிலேயே ஏதோ இடறுகிறது

"இதற்கு முன் வந்த எல்லோரும் மோசம்" என்று தொடங்குபவரைக் கண்டு உடனே ஓடச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு கேள்வி கேளுங்கள்: "என்ன சரியில்லை?" அவர் "மின்விசிறி இறக்கையின் மேல்பக்கத்தைத் துடைக்கவில்லை, சமையலறை மேடைக்கு அடியில் பிசுக்கு அப்படியே இருந்தது" என்று இடம் சுட்டிச் சொன்னால் நல்ல வாடிக்கையாளர். என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "சோம்பேறிகள், ஏமாற்றுக்காரர்கள்" என்று ஆளைப் பற்றியே பேசினால், அடுத்த வீட்டுக்காரரிடம் நம்மைப் பற்றியும் அதையே சொல்லப்போகிறார். விடுங்கள்.

வீட்டின் படத்தையோ வீடியோவையோ அனுப்ப மறுத்து "வந்து பார்த்தால்தான் தெரியும்" என்றால் அது தவறில்லை. பார்க்க வரும் போக்குவரத்துச் செலவைக் கேளுங்கள். வேலை உறுதியானால் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அதையும் தரமாட்டேன் என்பவர் ஐந்து பேரை வரவழைத்து விலை விசாரிப்பவர்.

ஓர் எச்சரிக்கை. "நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி வருகிறேன், வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும், முன்பணம் இப்போதே அனுப்புகிறேன்" என்று அழைத்து, கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணை அடிக்க வேண்டிய தேவையே இல்லை; அடித்தால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

அறிகுறி: பேசியது ஒன்று, செய்யச் சொல்வது வேறு

நம் தொழிலில் மிக அதிகமாக வரும் தொல்லை இதுதான். பெரும்பாலும் திருத்தக்கூடியதும் இதுதான். இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் பேசியிருப்போம். பிற்பகலில் "அந்தப் பரணையும் ஒரு கை பாருங்களேன்" என்று வரும். பரணில் பதினைந்து வருடப் பித்தளைப் பாத்திரங்கள் இருக்கும். பிறகு பிரிட்ஜின் உள்பக்கம், பிறகு மொட்டை மாடி, பிறகு கார் நிறுத்துமிடம்.

அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "முழு வீடு" என்று நாம் சொன்னபோது அவர் மனதில் பரணும் சேர்ந்தே இருந்தது. ஆகவே திருத்தம் நம் பக்கத்தில் தொடங்குகிறது. வேலைக்கு முதல்நாள் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்:

"நாளை காலை 9 மணிக்கு இருவர் வருகிறோம். செய்வது: இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, இரண்டு குளியலறை, ஒட்டடை, மின்விசிறி, ஜன்னல் உள்பக்கம், தரை. செய்யாதது: பரண், அலமாரியின் உள்பக்கம், பிரிட்ஜ், மொட்டை மாடி, ஜன்னல் வெளிப்பக்கம். இவை வேண்டுமானால் இப்போதே சொல்லுங்கள், தனி விலை. சம்மதம் என்றால் 'சரி' என்று பதில் அனுப்புங்கள்."

அந்த ஒரு "சரி" பல சண்டைகளை முளையிலேயே கிள்ளிவிடும். வேலை நடக்கும்போது கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். "செய்யலாம் சார், பரணுக்கு எண்ணூறு ஆகும், ஒரு மணி நேரம் கூடும்" என்று சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் வேலையைத் தொடருங்கள். இரண்டே விதமான பதில்தான் வரும். "அப்படியானால் வேண்டாம்" என்றாலோ "சரி, செய்யுங்கள்" என்றாலோ கோளாறு தீர்ந்தது. "இதற்கெல்லாமா காசு? மனிதாபிமானமே இல்லையா?" என்று வந்தால், அன்றைய வேலையைப் பேசியபடி முடித்துக் கொடுங்கள், அடுத்த முறை அழைத்தால் போக வேண்டாம்.

அறிகுறி: "கறை போகவே இல்லை, மறுபடி தேயுங்கள்"

போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் குளியலறைச் சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் உப்புக் கறைதான். டைல்ஸ் மேல் வெள்ளையாகப் படிந்த உப்பு போகும். ஆண்டுக்கணக்கில் கண்ணாடியிலேயே அரித்து ஏறிய உப்பு போகாது. அங்கே தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் மிஞ்சும். வாடிக்கையாளருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

எனவே வேலை தொடங்கும் முன் சோதனைக் கட்டம் போடுங்கள். வாசலுக்கு எதிர்ச்சுவரில், நன்றாக வெளிச்சம் படும் இடத்தில் ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம். கறை நீக்கும் மருந்தைத் தடவி, அதில் சொன்ன நேரம் ஊறவைத்து, நாரால் தேய்த்துக் கழுவி, துணியால் உலரத் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது எந்த டைல்ஸும் பளபளக்கும். உலர்ந்த பிறகுதான் உண்மை தெரியும். பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தேய்த்த சதுரத்தையும் பக்கத்தில் தேய்க்காததையும் காட்டி, "இவ்வளவுதான் வரும் மேடம். சரி என்றால் முழுச் சுவரையும் செய்கிறேன்" என்று கேளுங்கள். அந்தச் சதுரத்தைப் படமெடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். சம்மதித்தவர் மாலையில் குறை சொல்வது அபூர்வம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டும் "புதிதுபோல ஆக்கித்தருவதாகச் சொன்னீர்களே" என்று ஒருவர் சாதித்தால், அவருக்குப் பணத்தைக் குறைக்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

இதன் மறுபக்கம், "ஆசிட் ஊற்றினால் போய்விடும், ஊற்றுங்கள்" என்ற வற்புறுத்தல். மார்பிளிலும் மொசைக்கிலும் ஆசிட் பட்டால் நுரைத்துப் பொங்கும். அந்த நுரை அழுக்கு இல்லை, கல்லே கரைகிறது. பளபளப்பு போய்விடும், பாலிஷ் போடாமல் திரும்பி வராது. குழாய்களின் மேல்பூச்சு கறுக்கும். இன்று ஊற்றச் சொன்னவரே நாளை இழப்பீடு கேட்பார். மறுத்துவிடுங்கள், மறுத்ததை எழுத்திலும் அனுப்பிவையுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் கீறல், உடைந்த டைல்ஸ் மூலை, ஒழுகும் குழாய், ஆடும் கைப்பிடி எல்லாவற்றையும் வேலைக்கு முன் படமெடுத்து அனுப்புவதும் இதே கணக்கில்தான். "ஏன் படம் எடுக்கிறீர்கள்?" என்று கோபப்படும் வீட்டில் இன்னும் கவனமாக எடுங்கள்.

அறிகுறி: நாள் முழுக்கப் பின்னாலேயே நிற்கிறார்

விடவே வேண்டாம். பெரும்பாலும் பயம்தான். தனியாக இருக்கும் பெரியவர், முன்பு பொருளைப் பறிகொடுத்தவர், தூசி என்றாலே தவித்துப்போகிறவர். அறை அறையாக முடித்து, "அம்மா, இந்த அறை முடிந்தது, பார்த்துவிடுங்கள்" என்று கூப்பிட்டுக் காட்டுங்கள். மூன்றாவது அறைக்குள் அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இப்படிப்பட்டவர்கள் வருடாவருடம் போகிக்கு நம்மையே கூப்பிடுவார்கள். மறதி நோய் உள்ள பெரியவர் என்றால் மகனையோ மகளையோ பேச்சுக்குப் பொறுப்பாக்குங்கள்.

கேலியும் வசையுமாகப் பின்னால் நிற்பது வேறு. அதற்கு ஒரே ஒரு முறை, குரலை உயர்த்தாமல், "மரியாதையாகப் பேசினால் வேலையைத் தொடர்கிறேன்" என்று சொல்லுங்கள்.

அறிகுறி: பணம் கேட்டால் பேச்சு மாறுகிறது

பேரம் பேசுவது குற்றமில்லை. விலையைக் குறைக்கும்போது வேலையையும் குறையுங்கள்: "மூவாயிரத்துக்குச் செய்யலாம், ஜன்னல்களை விட்டுவிடுகிறேன்." வேலை குறையாமல் விலை மட்டும் குறைந்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வேலைக்கு முன் பாதி, மீதி நாம் கிளம்பும் முன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே கொடுக்க வேண்டும். திரையில் "பணம் அனுப்பப்பட்டது" என்று காட்டுவது போதாது. நம் கணக்கில் ஏறியதைப் பாருங்கள். இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், இரண்டாயிரம் ரூபாய்க்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் நோட்டீஸ் செலவே அதைத் தின்றுவிடும். காவல் நிலையத்தில் "இது பணத் தகராறு" என்று அனுப்பிவிடுவார்கள். கதவைத் தாண்டுவதற்கு முன்தான் நம் கையில் ஏதாவது இருக்கிறது. முன்பணத்துக்கே "என்னை நம்பவில்லையா?" என்பவரிடம் பணிவாக "எல்லோருக்கும் இதுதான் முறை" என்று சொல்லுங்கள். இரண்டாம் முறையும் மறுத்தால் அவருக்காக நாள் ஒதுக்காதீர்கள்.

காலி செய்யும் வீடுகளில் தனி ஆபத்து உண்டு. வீட்டு உரிமையாளர் "குடியிருந்தவர் தருவார்" என்பார், குடியிருந்தவர் "அட்வான்சில் பிடித்துக்கொண்டார்கள், அவர்கள் தரட்டும்" என்பார். பணம் யார் தருகிறார் என்பதை அவரே எழுத்தில் சொல்லும்வரை துடைப்பத்தை எடுக்க வேண்டாம்.

"ஜிஎஸ்டி பில் இல்லையா, அப்படியானால் பதினெட்டு சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று மிரட்டுவதும் நடக்கிறது. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. பதிவில்லாதவர் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது. வசூலிக்காத வரியைக் கழிப்பது எப்படி?

அறிகுறி: "பொருள் ஒன்று காணவில்லை"

முன்னேற்பாடு: நகை, பணம், மாத்திரை எல்லாவற்றையும் பூட்டிவைக்க முதல்நாளே எழுதுங்கள். உங்கள் பையை வாசலருகே எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள், படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும் நேரத்தில் மட்டும் வேலை செய்யுங்கள்.

அப்படியும் பழி வந்தால் பதறாமல், "நாங்களும் தேட உதவுகிறோம்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் தலையணை உறைக்குள்ளோ அலமாரி இடுக்கிலோ கிடைத்துவிடும். வீட்டுக்காரர் உங்கள் உடம்பைச் சோதனை போட முடியாது. காவல்துறையிலும் பெண்ணைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். "போலீஸைக் கூப்பிடுவேன்" என்றால், "கூப்பிடுங்கள், இங்கேயே இருக்கிறேன்" என்பதே சரியான பதில். விவரம் தெரிந்த ஒருவரை உடனே போனில் அழைத்துவிடுங்கள். பொருள் கிடைத்த பிறகு மன்னிப்புக் கேட்டவர் வீட்டுக்கு மறுபடி போகலாம். "சரி சரி, கிடைத்துவிட்டது" என்று மட்டும் சொல்லி நகர்ந்தவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து.

அறிகுறி எதுவும் தெளிவாக இல்லை, ஆனால் அந்தப் பெயரைப் போனில் பார்த்தாலே சோர்வு

கணக்குப் போடுங்கள். உதாரணமாக 3,500 ரூபாய் வேலை. மருந்து, துணி 400, போக்குவரத்து 300 போக 2,800. இருவர் ஏழு மணி நேரம் என்றால் பதினான்கு மணி உழைப்பு. மணிக்கு 200 ரூபாய். இதே வேலையை அந்த வாடிக்கையாளருக்குச் செய்யும்போது, முன்னால் போய்ப் பார்க்க இரண்டு மணி, கூடுதலாக இழுத்தது இருவருக்கும் இரண்டிரண்டு மணி, மறுநாள் குறை தீர்க்கப் போனது மூன்று மணி, அதற்கான ஆட்டோ 250. இப்போது மீதி 2,550, உழைப்பு இருபத்துமூன்று மணி. மணிக்கு ஏறக்குறைய 110. கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. அடுத்த வேலைக்கு விலையை அதற்கேற்ப ஏற்றிச் சொல்லிப் பாருங்கள். புது விலைக்கு அவர் ஒத்துக்கொண்டு, அந்த விலைக்கு உங்களுக்கும் மனம் ஒப்பினால் தொடரலாம்.

மார்கழி கடைசியிலும் தீபாவளிக்கு முன்பும் வேலை குவியும். அப்போது விலகுவது எளிது. வேலை மந்தமான மாதத்தில் எல்லோராலும் உதற முடியாது என்பது எனக்குத் தெரியும். அப்போது முன்பணம், பட்டியல், சோதனைக் கட்டம் மூன்றையும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலையை எடுங்கள். நல்ல வேலை ஒன்று வந்தவுடன் வாடிக்கையாளர் வரிசையில் கடைசியில் இருக்கும் ஒருவரை விடுங்கள். ஒரே நாளில் நான்கு பேரை விட வேண்டாம்.

வேண்டாம் என்பதைச் சொல்லும் முறை

பொய்க் காரணம் வேண்டாம். "ஊருக்குப் போகிறேன்" என்றால் திரும்பிய தேதியைக் கேட்பார். யாரும் தரமாட்டார்கள் என்று நினைத்து மிகப் பெரிய விலை சொல்வதும் வேண்டாம். சரி என்று சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வோம். இவ்வளவு போதும்:

"வணக்கம் சார். உங்கள் வீட்டு வேலையை இனி எடுத்துக்கொள்ள இயலாது. 20ஆம் தேதிக்கு இன்னும் நாள் இருப்பதால் வேறு ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளலாம். நீங்கள் தந்த முன்பணம் 1,500 ரூபாயை இப்போதே திருப்பி அனுப்பியிருக்கிறேன். நன்றி."

ஏன் என்று கேட்டால் ஒரே ஒரு காரணம், ஒரே ஒரு வரி: "பேசிய வேலைக்கும் கேட்கும் வேலைக்கும் பொருந்தவில்லை." அதற்குமேல் விவாதம் வேண்டாம். அந்த வாடிக்கையாளரைத் தொழிலில் இருக்கும் இன்னொருவரிடம் தள்ளுவதாக இருந்தால், நீங்கள் ஏன் விட்டீர்கள் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் உங்களைப் பற்றித் தவறாக எழுதினால், முன்னும் பின்னுமான படங்களோடு ஒரே ஒரு பதில் போடுங்கள். படங்களில் அவர் வீட்டு எண்ணும் குடும்பப் படங்களும் தெரியக் கூடாது.

வேலையின் நடுவில் விலக நேர்ந்தால், ஆபத்து இல்லாதவரை, தொட்ட அறையை முடித்துவிடுங்கள். ஊற்றிய மருந்தைக் கழுவி, ஏணியை மடக்கி, நகர்த்திய சாமான்களைப் பழைய இடத்தில் வைத்து, எல்லா அறைகளையும் படமெடுங்கள். முடித்த பகுதிக்குரிய தொகையைச் சொல்லி, முன்பணம் அதைவிட அதிகமாக இருந்தால் மீதியை வாசலில் நிற்கும்போதே அனுப்பிவிட்டு, அனுப்பிய விவரத்தை அவருக்குக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.